வரைபடத்தில் நம் வயல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெள்ளம், புயல், நிலநடுக்கம், நிலத்தடி நீர், பாறை அமைப்பு ஆகியவை பற்றிய தரவுகளை, விரலால் நகர்த்தியும் பெரிதாக்கியும் பார்க்கக்கூடிய வரைபடங்களாக இன்று பல நிறுவனங்கள் இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. அவற்றைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காவிரி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்தவை. ஒரே பொருள் பற்றியவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: கடந்த மழைக்காலத்தில் எங்கள் சம்பா வயல் ஒரு வாரத்துக்கு மேல் நீரில் நின்றது. செயற்கைக்கோள் வெள்ள வரைபடம் ஒன்றை என் மகன் கைபேசியில் திறந்து காட்டினான். எங்கள் வயல் இருக்கும் பகுதியில் நீல வண்ணமே இல்லை. வெள்ளம் பாதிக்காத பக்கத்து ஊரில் நடவு செய்த வயல்கள் நீலமாக இருந்தன. இது எப்படி? (விவசாயி, திருத்துறைப்பூண்டி)

பதில்: ஐயா, உங்கள் வயல் மூழ்கியது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வரைபடம் அதைக் காட்டாமல் போனதற்குத் தெளிவான காரணம் உண்டு. நெல் விளையும் ஊர்க்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய காரணம் அது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெல்டாவின் மேல் நாள்கணக்கில் மேகம் மூடியிருக்கும். ஒளிப்படம் எடுக்கும் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவிப் பார்க்காது. ஆகவே வெள்ள வரைபடங்கள் பெரும்பாலும் ரேடார் செயற்கைக்கோள்களின் பதிவுகளைக் கொண்டே தயாராகின்றன. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1, இஸ்ரோ 2022 பிப்ரவரியில் ஏவிய இ.ஓ.எஸ்.-04 ஆகியவை அத்தகையவை. இவை தாமே நுண்ணலைகளைச் சாய்வாகக் கீழே அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கின்றன. அசைவில்லாத திறந்த நீர்ப்பரப்பில் படும் அலை, கண்ணாடியில் பட்ட ஒளியைப் போல எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும். செயற்கைக்கோளுக்கு ஏறத்தாழ ஒன்றுமே திரும்பாது. அந்த இடம் கருமையாகப் பதிவாகும்; கருமையாக உள்ள இடத்தை நீர் என்று எடுத்துக்கொண்டு கணினி நீல வண்ணம் இடும்.

இப்போது நவம்பர் மாதத்து வயல்களை எண்ணிப் பாருங்கள். தாளடிக்குச் சேறடித்து நீர் கட்டிய வயலும், நடவு முடிந்து சில நாட்களே ஆன வயலும் ரேடாருக்குத் திறந்த நீர்ப்பரப்பாகவே தெரியும். விவசாயி வேண்டுமென்றே தேக்கிய நீரையும் வேண்டாமல் வந்து நின்ற நீரையும் அது பிரித்தறியாது. மாறாக, முன்னதாகவே நட்ட சம்பாப் பயிர் தூர் கட்டி நிமிர்ந்து நிற்கும்போது, நீர் முழங்கால் அளவு ஏறினாலும் தாளும் இலையும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அலை நீரில் பட்டுத் தெறித்துத் தாளில் மோதி, வந்த வழியே செயற்கைக்கோளை நோக்கித் திரும்பும். அந்த வயல் முன்பு இருந்ததைவிட வெளிச்சமாகவே பதிவாகும். எளிய கணக்கில் இயங்கும் வரைபடம் அதை வெள்ளம் என்று சேர்த்துக்கொள்ளாது. வேர் அழுகிக்கொண்டிருக்கும் வயல் அந்தப் படத்தில் நலமான வயலாக இருக்கும்.

இதோடு நேரமும் சேர்ந்துகொள்கிறது. சென்டினல்-1 வரிசையின் ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்கு மீண்டும் வர 12 நாட்கள் ஆகும். இடையில் ஏறி வடிந்த நீர் பதிவாகாமலே போகலாம். அதனால் எந்த வெள்ள வரைபடத்தைத் திறந்தாலும், படம் எடுத்த நாளும் நேரமும் முதலில் பார்க்க வேண்டியவை. வெள்ளத்துக்கு முந்தைய பதிவோடு ஒப்பிட்டுத் தயாரித்ததா என்பது அடுத்து. கோப்பர்நிகஸ் உலாவி என்னும் தளத்தில் சென்டினல் பதிவுகளை எவரும் நாள்வாரியாகத் திறந்து பார்க்கலாம். உங்கள் மகன் மழைக்கு முந்தைய பதிவையும் பிந்தைய பதிவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உங்கள் வயல் கருமையாகாமல் வெளிறியிருப்பதைக் காணும் வாய்ப்பு உண்டு.

பேரிடர் நிவாரண நெறிமுறைப்படி இடுபொருள் மானியத்துக்கு 33 விழுக்காடோ அதற்கு மேலோ பயிர் இழப்பு இருக்க வேண்டும். அந்தக் கணக்கு வயலில் இறங்கிச் செய்யப்படுவது. நீல வண்ணம் இல்லை என்று எவர் சொன்னாலும் நீங்கள் பின்வாங்க வேண்டியதில்லை. இருப்பிடக் குறியீட்டை இயக்கி, நாள் தெரியும்படி எடுத்த ஒளிப்படங்களை வைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண்மை உதவி அலுவலரிடமும் கள ஆய்வு கேளுங்கள். 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற கதிர்கள் சாய்ந்து முளைத்தனவே, அத்தகைய இழப்பை நீர்ப்பரப்பை மட்டும் தேடும் எந்த வரைபடமும் காட்டாது.

கேள்வி: கூகுளின் வெள்ள முன்னறிவிப்பு வரைபடத்தில் கொள்ளிடமும் இருக்கிறது என்கிறார்கள். படுகையில் வீடு கட்டியிருக்கும் நாங்கள் அதை நம்பலாமா? (வாசகி, கொள்ளிடக் கரை)

பதில்: அம்மா, டெல்டாவுக்கு இரண்டு வகை வெள்ளம் உண்டு. மேட்டூர் அணை 120 அடியை எட்டிய பின் வரும் உபரி நீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடப்பட்டுக் கரையோர ஊர்களைச் சூழ்வது ஒன்று. 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் நீங்கள் கண்டது அது. டெல்டாவின் மேலேயே மழை கொட்டி, வடிகால்கள் நிரம்பி, கடலில் நீர்மட்டம் உயர்ந்திருப்பதால் முகத்துவாரத்தில் வடிய முடியாமல் கடைமடை ஊர்கள் மூழ்குவது மற்றொன்று. ஆற்றின் நீர்வரத்தைக் கணக்கிட்டுச் சில நாட்களுக்கு முன்பே எச்சரிக்கும் வரைபடங்கள் முதல் வகைக்கு உதவும். உங்கள் ஊர் முதல் வகையைச் சேர்ந்தது என்பதால் கூகுளின் வரைபடத்தையும், மத்திய நீர்வள ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்புத் தளத்தில் முசிறி போன்ற அளவை நிலையங்களின் நீர்மட்டத்தையும் தவறாமல் பாருங்கள். ஆனால் மேட்டூரில் எவ்வளவு திறக்கப்படும் என்பது மனிதர் எடுக்கும் முடிவு. ஆகவே ஆட்சியர் அலுவலகத்தின் அறிவிப்பு வந்தபின் எந்த வரைபடத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாம் வகை வெள்ளம் காணும் தலைஞாயிறு, கோட்டூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அங்கே மழையளவையும் வடிகாலின் நிலையையும் பார்ப்பதே பயன்.

கேள்வி: 2050-இல் கடல் எதுவரை வரும் என்று காட்டும் வரைபடத்தில் நாகப்பட்டினமும் சுற்றியுள்ள ஊர்களும் மூழ்கியிருக்கின்றன. ஆனால் நடுவே ஒரு தென்னந்தோப்பு மட்டும் தீவாக நிற்கிறது. அந்தத் தோப்பு மேடு அல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரியும். (கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்)

பதில்: மிக நல்ல கவனிப்பு. நீங்கள் பார்த்தது தோப்பின் தரையை அல்ல, தென்னையின் தலையை.

இத்தகைய வரைபடங்களுக்கு அடிப்படை, நிலத்தின் உயரத் தரவு. உலகெங்கும் மிகுதியாகப் பயன்பட்டுவரும் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் ரேடார் கொண்டு அளந்தது. அந்த ரேடார் தரையைத் தொட்ட இடத்தில் தரையின் உயரமும், அடர்ந்த மரம் நின்ற இடத்தில் மர உச்சியை ஒட்டிய உயரமும், வீடுகள் நெருங்கிய இடத்தில் கூரையின் உயரமும் கலந்தே பதிவாகின. ஒவ்வொரு கட்டமும் 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 22 சென்ட். அந்த 22 சென்ட்டுக்குள் வரப்பு, வாய்க்கால், களம், வீடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் எண்தான்.

மலைப்பகுதியில் சில மீட்டர் பிழை ஒரு பொருட்டல்ல. டெல்டாவில் அது எல்லாவற்றையும் மாற்றிவிடும். கும்பகோணம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நேர்கிழக்கே கடல் சுமார் 50 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ அரை மீட்டர் சரிவுதான். கடற்கரையை நெருங்க நெருங்க அதுவும் குறைகிறது. இரண்டு மூன்று மீட்டர் பிழையுள்ள தரவைக் கொண்டு இந்த நிலத்தில் கோடு போட்டால், கோடு பல கிலோமீட்டர் தள்ளி விழும். மரத்தையும் கட்டடத்தையும் கழித்துத் திருத்திய தரவுகள் பின்னர் வந்துள்ளன. கிளைமேட் சென்ட்ரல் என்னும் அமைப்பின் கடலோர வரைபடம் அத்தகைய திருத்தத்தைப் பயன்படுத்துகிறது. அந்தத் திருத்தத்துக்குப் பின் பல கடலோர நிலங்கள் முன்பு எண்ணியதைவிடத் தாழ்வானவை என்றே தெரியவந்தது. எனவே உங்கள் ஐயத்தை, ஆபத்து இல்லை என்ற முடிவுக்கு எவரும் திருப்பிவிடக் கூடாது.

இன்னும் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். கிளைமேட் சென்ட்ரல் வரைபடத்தில் தொடக்கத்தில் தெரியும் வண்ணம், நிரந்தரமாகக் கடலாகிவிடும் நிலத்தைக் குறிப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க வெள்ள மட்டத்துக்குக் கீழே அமையும் நிலத்தையே குறிக்கிறது. மேலும், ஆற்றுக்கரையையும் கடைசி ரெகுலேட்டரையும் (நீரை ஒழுங்குபடுத்தும் மதகணையையும்) இப்படிப்பட்ட வரைபடங்கள் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை. நம் பகுதியில் கடல் முதலில் வருவது கரையைத் தாண்டி அல்ல; வெட்டாறு, அரிச்சந்திரா நதி, வடிகால் முகத்துவாரங்கள் ஆகியவற்றின் வழியே உப்புநீராக உள்ளே ஏறுகிறது. உங்கள் கல்லூரியில் புவியியல் துறை இருந்தால், கோடையில் எந்த மதகு வரை நீர் உப்புக் கரிக்கிறது என்று மாதந்தோறும் அளந்து ஒரு வரைபடம் போடச் சொல்லிக் கேளுங்கள். அது எந்த உலக வரைபடத்திலும் கிடைக்காத தரவு. நாகை மாவட்டத்துக்கு உடனடியாகத் தேவைப்படுவதும் அதுதான்.

கேள்வி: அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் நிலநடுக்க வரைபடத்தைத் தினமும் பார்க்கிறேன். நம் டெல்டாவில் ஒரு புள்ளிகூட விழுந்ததில்லை. அப்படியானால் நமக்குப் பயமில்லை என்று கொள்ளலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை)

பதில்: ஐயா, அந்த வரைபடம் திறந்தவுடன் காட்டுவது கடந்த ஒரு நாளில் நிகழ்ந்த, 2.5 அளவுக்கு மேற்பட்ட அதிர்வுகளை. அமெரிக்காவுக்கு வெளியே சிறிய அதிர்வுகள் எல்லாம் அதில் இடம்பெறுவதில்லை; ஏறத்தாழ 4.5-க்கு மேற்பட்டவையே முறையாகச் சேர்க்கப்படுகின்றன. இந்தியாவின் சிறு அதிர்வுகளுக்குத் தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் வரைபடத்தைப் பாருங்கள். டெல்டாவின் பெரும்பகுதி, 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதிகளில் மிகக் குறைந்த ஆபத்துள்ள இரண்டாம் மண்டலத்தில் வைக்கப்பட்டது. ஆயினும் 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஓர் அதிர்வு நிகழ்ந்தது. அது சென்னை வரை உணரப்பட்டது. வரைபடத்தின் தேடல் பகுதியில் ஆண்டை மாற்றிப் பார்த்தால் அந்தப் புள்ளி தெரியும்.

நமக்குப் பெரிய ஆபத்து நம் காலடியில் இல்லை, அந்தமான்–சுமத்ரா கடற்பகுதியில் இருக்கிறது. அங்கேதான் புள்ளி நம்மை ஏமாற்றுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு நிகழ்ந்த 9.1 அளவு நிலநடுக்கம், வரைபடத்தில் சுமத்ராவின் வடமேற்கே ஒற்றைப் புள்ளி. நாகப்பட்டினத்திலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். ஆனால் பிளவு அந்தப் புள்ளியில் தொடங்கி வடக்கே அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீண்டது. நம்மை நோக்கி வந்த அலை கிளம்பியது அந்த நீண்ட கோட்டிலிருந்து. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் அது நம் கரையை அடைந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்த இரண்டு மணி நேரத்தைப் பயன்படுத்த அன்று ஏற்பாடு எதுவும் இல்லை என்பதை நினைக்கையில் இன்றும் மனம் ஆறவில்லை.

புள்ளியின் அளவும் முழுச் செய்தியைச் சொல்வதில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று அதே வட்டாரத்தில் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. நம் கடற்கரை மக்கள் மேட்டுக்கு ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. 2004-இல் கடலடித்தளம் செங்குத்தாக உயர்ந்து நீரைத் தூக்கியது. 2012-இல் பாறைகள் பெரும்பாலும் பக்கவாட்டில் உராய்ந்து நகர்ந்தன. புள்ளியைத் தொட்டால் திறக்கும் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக உள்ள சிறு வட்டப் படம் இந்த வேறுபாட்டைக் குறிப்பதுதான். அதை நாமே படித்து முடிவெடுக்க வேண்டியதில்லை. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபர் முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. எந்தக் கடற்கரைக்கு எத்தகைய எச்சரிக்கை என்பதை அதன் தளம் அறிவிக்கிறது. நிலநடுக்க வரைபடத்தைக் கண்டு ஊரைக் கலைப்பதும், அதில் புள்ளி சிறிதாக இருக்கிறது என்று எச்சரிக்கையைப் புறக்கணிப்பதும் இரண்டுமே தவறு.

கேள்வி: கஜா புயலில் எங்கள் தென்னை முழுவதும் போயிற்று. இப்போது புயல் என்றால் ஆளுக்கொரு வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். எதைப் பார்ப்பது? (தென்னை விவசாயி, பேராவூரணி)

பதில்: விண்டி போன்ற தளங்களில் சுழலும் வண்ணப் படங்கள், வானிலையைக் கணிக்கும் ஒரு கணினி மாதிரி (மாடல்) ஒரு வேளையில் போட்ட ஒரு கணக்கு. ஐரோப்பிய மாதிரியும் அமெரிக்க மாதிரியும் ஒரே நாளில் வேறு வேறு ஊர்களில் புயலைக் கரையேற்றும். மூன்று நாட்களுக்கு முந்தைய அத்தகைய படத்தில் ஊர்ப் பெயரைத் தேடுவது வீண். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புயல் வரைபடத்தில் நடுக்கோட்டைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் பட்டை ஒன்று இருக்கும். புயலின் மையம் அந்தப் பட்டைக்குள் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்பதே அதன் பொருள். காற்று பட்டைக்கு வெளியிலும் வீசும். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு கடந்து புதுக்கோட்டை வரை தென்னைகள் சாய்ந்தன. கரையைக் கடக்கும் இடம் என்ற ஒரு பெயரை மட்டும் கேட்டு நிம்மதி அடைவது எவ்வளவு ஆபத்து என்பதை உங்கள் தோப்பே காட்டிவிட்டது.

கடல்நீர் உட்புகுவதைப் பற்றி ஒரு செய்தி. கிழக்குக் கடற்கரையில் புயல் மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுவதால் நீர் அங்கேதான் ஏறும் என்பது பொதுவிதி. ஆனால் கோடியக்கரையில் நம் கடற்கரை மேற்காகத் திரும்புகிறது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் கடல் தெற்கில் இருக்கிறது. மையம் மேற்கே நகர்ந்தபின் வீசும் தென்காற்று அங்கே நீரைக் கரைக்குத் தள்ளும். புயலின் கண் கடந்துவிட்டது என்று அந்த ஊர்களில் வெளியே வரக் கூடாது. கடைசிச் சில மணி நேரத்துக்குக் காரைக்கால் ரேடாரின் படம் எல்லா மாதிரிகளையும்விட மேலானது.

கேள்வி: நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று காட்டும் வரைபடம் உண்டா? (வாசகர், வேதாரண்யம்)

பதில்: உங்கள் கொல்லைக்கு என்று இல்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடு தமிழ்நாட்டில் பிர்கா (வருவாய்க் குறுவட்டம்) வாரியாக வெளியாகிறது. உங்கள் கடற்கரையோரப் பிர்காக்கள் பல உவர் நீர் என்றே குறிக்கப்படுகின்றன. ஒரு பிர்காவுக்குள்ளேயே மணல்மேட்டில் மழைநீர் மெல்லிய படலமாக உவர் நீரின் மேல் மிதந்து நிற்கும். பக்கத்துப் பள்ளத்தில் உப்பாக இருக்கும். அந்தப் படலத்தை ஆழ்துளைக் கிணறு போட்டு வேகமாக உறிஞ்சினால் உப்பு மேலேறிவிடும்.

கேள்வி: இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளத்தில் எங்கள் மாவட்டம் முழுவதும் ஏறத்தாழ ஒரே வண்ணம். இங்கே படிக்க நிலவியலே இல்லையா? (பள்ளி மாணவர், கும்பகோணம்)

பதில்: தம்பி, அந்த வண்ணம் வண்டல், ஆறு கொண்டுவந்து பரப்பிய மேல்தோல். அதன் கீழே இருப்பது இந்தியாவின் பெரிய படிவுப் படுகைகளுள் ஒன்று. தென்னுலகக் கண்டங்கள் ஒன்றாக இருந்த கோண்டுவானாப் பெருங்கண்டம் உடைந்தபோது இந்த நிலம் பள்ளங்களும் மேடுகளுமாகப் பிளந்து அமிழ்ந்தது. பள்ளங்களில் சேர்ந்த படிவுகள் சில இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் மேல் கனமானவை. நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது இந்தப் படுகையில்தான். அதே காலத்துப் பாறைகளைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் வரைபடத்தைக் கொள்ளிடத்துக்கு வடக்கே நகர்த்துங்கள். அரியலூர்ப் பக்கம் வண்ணங்கள் பட்டை பட்டையாக மாறும். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்துக் கடலில் இருந்த, சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் புதைந்த சுண்ணாம்புக்கல் அங்கே வெளியே தெரிகிறது; சிமென்ட் ஆலைகள் வெட்டுவது அதைத்தான்.

டெல்டாவுக்குள்ளேயே பார்க்க, பாறை அடுக்கை அணைத்துவிட்டு நிலவடிவ அடுக்கை இயக்குங்கள். ஒரே வண்ணமாக இருந்த இடத்தில் தூர்ந்துபோன பழைய ஆற்றுத் தடங்களும், ஆற்றின் இருகரை மேடுகளும், வேதாரண்யத்தைச் சுற்றி வில்வில்லாக வளைந்த பழைய கடற்கரை மணல்மேடுகளும் தோன்றும். அந்த மேடுகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடல் நின்ற விளிம்பு. எந்த ஊர்கள் மேட்டின் மேல் வரிசையாக அமைந்திருக்கின்றன, எந்தப் புதிய மனைப்பிரிவு பழைய ஆற்றுத் தடத்தின் மேல் விழுகிறது என்பதைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த அடுக்கு 1:50,000 அளவில் வரையப்பட்டது. படத்தில் ஒரு மில்லிமீட்டர், நிலத்தில் 50 மீட்டர். அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒரு மனையின் எல்லையைத் தீர்மானிக்க உதவாது.

கேள்வி: எங்கள் ஊரின் வடிகால் எந்த வரைபடத்திலும் இல்லை. நாங்களே சேர்க்க முடியுமா? (இளைஞர் மன்றத்தினர், மன்னார்குடி)

பதில்: முடியும், செய்யுங்கள். 2004-இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடத்தில் எவரும் கணக்குத் தொடங்கி வாய்க்கால், வடிகால், மதகு, பாலம், மேடான பள்ளிக் கட்டடம் ஆகியவற்றைக் குறிக்கலாம். 2015 சென்னை வெள்ளத்தின்போது எந்தத் தெருக்களில் நீர் நிற்கிறது என்று தன்னார்வலர்கள் சேர்ந்து குறித்தது இந்த வரைபடத்தின் மேல்தான்.

கோட்டை வரையும்போது நீர் ஓடும் திசையிலேயே தொடங்கி முடியுங்கள். அந்தத் திசையையே கணினி நீரோட்டமாகக் கொள்ளும். பாசன வாய்க்காலையும் வடிகாலையும் தனித்தனி வகையாகக் குறியுங்கள். நம் பகுதியில் இரண்டும் அருகருகே ஓடுவதால் வெளியூரார் வரைந்தவற்றில் இவை கலந்து கிடக்கின்றன. ஊரார் வழங்கும் பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள். கூகுள் வரைபடத்திலிருந்து பெயரையோ கோட்டையோ எடுக்கக் கூடாது. அதற்கு உரிமை இல்லை. நடந்து பார்த்ததையும், அந்தத் தளமே அனுமதித்துள்ள செயற்கைக்கோள் படத்தில் தெரிவதையும் மட்டும் சேர்க்க வேண்டும். தூர்ந்துபோன வடிகாலையும் விட்டுவிடாதீர்கள். அது தூர்ந்தது என்ற குறிப்போடு சேருங்கள். கோடையில் வாய்க்கால் வறண்டிருக்கும்போது கரையோடு நடப்பது எளிது என்பதால், மேட்டூர் திறப்பதற்கு முன் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.